பாகம் பிரித்த கார்

மருந்துக்கடைக்காரர் தன் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதியை மாமனாருடைய காரின் பின் சீட்டில், நடுவில் உட்கார்ந்தே கழித்தவர். அந்த இடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். காலுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கும் ஒரு மேடு ஓடும். முழங்கால் இரண்டும் முகவாயைத் தொடும். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மனைவியின் தங்கை, மடியில் யாருடையதோ ஒரு பை. முன்னால் மாமியார். ஸ்டியரிங்கில், சாட்சாத் மாமனார். தங்கையின் கணவர் மட்டும் கியரே இல்லாத தன் புதுக் காரில் ஜம்மென்று பின்னால் வருவார். ஊரில் பெரிய மெத்தைக் கடை அவருடையதுதான்.

மருந்துக்கடைக்காரர் கார் ஓட்டத் தெரியாதவர் அல்ல. கடையின் சரக்கு வேனை அவரே ஓட்டுவார். ஆனால் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மாமனாரின் கார்ச் சாவி அவர் கைக்கு வந்தது. ஏறினார், உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார். கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டார். "இறங்குங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். அவ்வளவுதான். வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அன்றைக்குப் பின் சீட்டுக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அந்த மேட்டின் மேல் கால் வைக்கும்போதும், ஒரு நாளாவது இந்த வண்டியை ஓட்டி, பக்கத்தில் மனைவியை உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை கிடந்து அரித்தது.

மாமனார் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காருக்கு அவருடைய மூத்த மகளைவிட வயது அதிகம், செல்லமும் அதிகம். அதன் மேல் தூசி விழுந்தால் மகள்களைக் கூப்பிடமாட்டார், தானே எழுந்துபோய்த் துடைப்பார். அப்படிப்பட்டவரிடம் கண் டாக்டர், "ஒரு கண்ணுல பார்வை ரொம்ப மங்கிடுச்சு, இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார்.  மாமனார் வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சட்டையைத் துவைக்கப் போடுவதற்குக்கூட மாமியார் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இந்த நேரம் பார்த்து மாமியாரின் அக்கா புது வீடு கட்டி முடித்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த அக்கா லேசுப்பட்டவள் இல்லை. பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்டுத் தகரம் இன்னும் ஓடுதா?" என்று கேட்பவள். அதனால் மாமியார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"போனா நம்ம வண்டியிலதான் போவேன். அவ வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தணும். இல்லைன்னா நான் வரலை."

"யார் ஓட்டுறது?" என்று கேட்டாள் மூத்தவள்.

 மருந்துக்கடைக்காரர் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  மெத்தைக்கடைக்காரரை அவருடைய மனைவி மேஜைக்கு அடியில் ஓர் இடி இடித்தாள். உடனே அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏன், நான் இல்லையா மாமா? வண்டி ஓட்டுறதெல்லாம் ஒரு வேலையா?"

"நானும் இருக்கேன்" என்று மருந்துக்கடைக்காரர் அவசரமாகச் சொன்னார். சொன்ன வேகத்தில் டம்ளர் கவிழ்ந்தது.

மாமனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்வை மங்கிய கண் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி பார்த்தார்.

"இப்ப இருக்கிற நிலையில வண்டியை யாருக்கும் தர மாட்டேன். முன்னால புஷ் எல்லாம் போயிடுச்சு. பள்ளத்துல இறங்கினா டொக்குங்குது, திரும்பினா கிரீச்சுங்குது. முதல்ல அதை மாத்தணும். புதுப் புஷ் வாங்கி வச்சிருக்கேன். யார் ஒழுங்கா மாத்துறாரோ, அவர் ஓட்டட்டும்."

"மெக்கானிக் கிட்ட விட்டா அரை நாள் வேலைப்பா" என்றாள் சின்னவள்.

"போன தடவை வந்த மெக்கானிக் எண்ணெய்க் கையோட சீட்டைத் தொட்டான்" என்றார் மாமனார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

புஷ் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. ஓர் இரும்பு வளையத்துக்குள் ரப்பர், ரப்பருக்குள் இன்னொரு இரும்பு வளையம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேர்கிற இடத்தில் இது உட்கார்ந்துகொண்டு, இந்த இரும்பும் அந்த இரும்பும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். குடும்பங்களில் இந்த வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். கார்களில் ரப்பர் செய்கிறது. இரண்டுமே தேய்ந்துபோன பிறகுதான் கவனிக்கப்படுகின்றன.

மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே சகலைகள் இரண்டு பேரும் கார் ஷெட்டில் ஆஜர். ஆளுக்கு ஒரு பழைய சட்டை. மெத்தைக்கடைக்காரர் வந்ததும் வராததுமாக பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். கடையில் மெத்தைக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளரிடமும் இதைத்தான் செய்வார்.

"சகலை, சஸ்பென்ஷன்னா என்ன? சக்கரம் வச்ச மெத்தை. இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? நீங்க ஓரமா உக்காந்து டார்ச் மட்டும் அடிங்க, போதும்."

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "மெத்தையில படுத்தா போதும். இதுல எல்லாரும் உயிரோட போய்ச் சேரணும். அளவு தெரிஞ்சவங்க செய்யிற வேலை இது. டார்ச்சை நீங்க அடிங்க."

பேச்சு வளர்ந்தது. இரண்டு பேரும் ஒரே ஸ்பேனரின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் கேட்டு வந்த மாமனார் சண்டையை விலக்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் அண்ணன் தம்பித் தகராறு எத்தனையோ பார்த்தவர் அவர். உள்ளே போய்ச் சாக்பொடி தடவிய நூலைக் கொண்டுவந்தார். ஒரு நுனியை முன் கண்ணாடியின் நடுவிலும் இன்னொரு நுனியை பம்பரின் நடுவிலும் வைத்து இழுத்து, பட்டென்று சுண்டினார். பானெட்டின் நடுவே நெடுக வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது.

"இடது பக்கம் பெரிய மாப்பிள்ளைக்கு. வலது பக்கம் சின்ன மாப்பிள்ளைக்கு. ஒருத்தர் எல்லையை ஒருத்தர் தாண்டக் கூடாது. இன்ஜின் பொது. ஜாக்கியும் பொது."

காரைச் சரிபாதியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம் ரிப்பேர் செய்யக் கொடுத்த குடும்பம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். அதில் என்ன கோளாறு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து வேலை தொடங்கியது. மருந்துக்கடைக்காரர் தன் எல்லையில் ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்தார். கையுறை மாட்டினார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் காலி மாத்திரை டப்பாவில் போட்டு, மூடி, மேலே எழுதி ஒட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்டது. மெத்தைக்கடைக்காரர் எதையும் கழற்றுவதற்கு முன் அடித்துப் பார்ப்பார். கழன்ற பிறகும் ஓர் அடி அடிப்பார். போல்ட்டுகள் உருண்டு எங்கே போயின என்பது அவருக்கே வெளிச்சம்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேரும் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் படுத்திருந்தார்கள். ஆனால் காலைச் சண்டைக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் கிட்ட பதினேழாம் நம்பர் இருக்கான்னு கேளு" என்று மருந்துக்கடைக்காரர் தன் கொழுந்தியாளிடம் சொல்வார்.

"ஏங்க, அத்தான் பதினேழாம் நம்பர் கேக்கிறாங்க" என்பாள் அவள்.

"இப்பத்தான் கையில எடுத்திருக்கேன்னு சொல்லு" என்பார் கணவர்.

"இப்பத்தான் எடுத்திருக்காராம் அத்தான்."

"காது கேக்குதும்மா எனக்கு."

அக்காவும் தங்கையும் ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தூது போன நேரம் போக மீதி நேரம் தங்களுக்குள் குசுகுசுவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் எந்த எல்லையும் இல்லை.

ஒரு வழியாக மருந்துக்கடைக்காரர் நீளமான போல்ட்டையும் ஒரு குழாய்த் துண்டையும் வைத்துத் திருகித் திருகிப் பழைய புஷ்ஷை வெளியே எடுத்தார். ரப்பர் விளிம்பெல்லாம் வெடித்து, நடுத்துளை கோணிப்போய், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பின் சீட்டில் தன்னோடு இத்தனை காலம் குலுங்கியவன் இவன்தானா என்று நினைத்தார். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. புதுப் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, அதே திருகலால் மெதுவாக உள்ளே இறக்கினார். எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். இதையெல்லாம் எல்லைக்கு அப்பால் இருப்பவர் பார்க்கிறாரா என்று ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தார்.

அப்பால் இருப்பவருக்கு வேறு கவலை. குளிரில் இரும்பு சுருங்கும், அப்புறம் சுலபமாக உள்ளே போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் தன்னுடைய புஷ்களை நேற்று ராத்திரியே மாமியாரின் ஃப்ரீசரில் வைத்திருந்தார். இப்போது போய்ப் பார்த்தால் காணோம். மாமியார் அவற்றை ஏதோ ஜாடி மூடி என்று நினைத்து, தேய்த்துக் கழுவி, பாத்திரக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"எவ்வளவு தேச்சும் கறுப்பு போகலை மாப்பிள்ளை" என்று மாமியார் வருத்தப்பட்டார்.

மத்தியானத்துக்குள் இடது பக்கம் வேலை முடிந்தது. கடைசியாக போல்ட்டுகளை இறுக்க வேண்டியதுதான் பாக்கி. வண்டி இன்னும் ஸ்டாண்டின் மேலேதான் நின்றது, சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இறுக்கினார். எதை மூடினாலும் இறுக மூடவேண்டும் என்பது அவருடைய தொழில் புத்தி. மெத்தைக்கடைக்காரரோ போல்ட்டுகளைக் கையால் திருகி ஒப்புக்கு மாட்டிவிட்டு, "மீதியைச் சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்" என்று எழுந்து போனார். சாப்பிட்டவர் சும்மா வரவில்லை, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தார். அதற்குள் ஜாக்கி தன் முறைக்கு வந்தது என்று மருந்துக்கடைக்காரர் இரண்டு சக்கரங்களையும் மாட்டி, அடியில் தடித்த பலகைகளை அடுக்கி, வண்டியை அவற்றின் மேல் இறக்கியிருந்தார். மெத்தைக்கடைக்காரர் தொப்பையை எக்கிக்கொண்டு அந்தச் சந்தில் நுழைந்து, படுத்தபடியே முனகிக்கொண்டு தன் பக்கத்து போல்ட்டுகளை இறுக்கினார்.

சாயங்காலம் மாமனார் ரசமட்டத்தோடு வந்தார். முன் பம்பரின் மேல் அதை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். குடும்பமே சுற்றி நின்றது. உள்ளே இருந்த குமிழி கொஞ்சம் யோசித்துவிட்டு, நகர்ந்து, இடது கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"வலது பக்கம் தாழ்ந்திருக்கு" என்றார் மாமனார்.

ரசமட்டமே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வண்டி ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் நின்றது. மெத்தைக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடிச்சு அடிச்சே எதையோ கெடுத்து வச்சிருக்கீங்க சின்ன மாப்பிள்ளை. எல்லாத்தையும் திரும்பக் கழட்டுங்க" என்ற மாமனார், சட்டைப் பைக்குள் கையை விட்டார். கை உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு சாவி வெளியே வந்தது. "பெரிய மாப்பிள்ளை, நாளைக்கு நீங்களே ஓட்டுங்க."

மருந்துக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சாவியை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் மனைவியோ உள்ளே ஓடி, தலை வாரி, நல்ல செருப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தேவிட்டாள். வண்டி எங்கேயும் போகப் போவதில்லை, சும்மா உட்கார்ந்து பார்க்கத்தான்.

"ஏங்க, வாங்க. வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

"இதோ" என்றார். ஆனால் மனுஷ புத்தி சும்மா இருக்குமா? ஏறுவதற்கு முன்னால், சகலை என்ன கூத்தடித்து வைத்திருக்கிறார் என்று ஒரு தரம் பார்த்து ரசிக்க ஆசை வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

வலது பக்கத்து ரப்பர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வட்டம் வட்டமாகவே இருந்தது, எங்கேயும் இழுவை இல்லை. வெளிச்சத்தை இடது பக்கம் திருப்பினார். அங்கே ரப்பர், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. ஓரம் ஒரு பக்கமாக இழுபட்டு, இப்போதே கிழியட்டுமா என்று கேட்டது. அவருக்கு ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. இரும்புக் கை தொங்கிக்கொண்டிருந்தபோதே அவர் போல்ட்டை இறுக்கிவிட்டார். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுக்கொண்டது. வண்டியை இறக்கியதும் பாரம் கையை மேலே தள்ள, ரப்பர் முறுக்கிக்கொண்டு, தன் பங்குக்கு வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. வலது பக்கம் தாழவே இல்லை. இடது பக்கம்தான் எழும்பி நிற்கிறது. சோம்பேறித்தனத்தால் தாமதித்து, பலகைமேல் நின்ற வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இறுக்கிய மெத்தைக்கடைக்காரர் செய்ததுதான் சரி. டப்பா டப்பாவாக எழுதி ஒட்டியவர் செய்தது தப்பு.

அவர் எழுந்து, போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கதவைப் பூப்போலச் சாத்தினார். ஸ்டியரிங் சில்லென்று இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? நாளை ஒரு நாள் ஓட்டிவிட்டால் போதும். திங்கட்கிழமை யாரும் இல்லாத நேரம் வந்து தளர்த்தி, திரும்ப இறுக்கிவிட்டால் ஆயிற்று. சகலையும் கொஞ்சம் மூக்குடைபடட்டுமே, என்ன கெட்டுவிடும்? இப்படியெல்லாம் மனசுக்குள் பூசி மெழுகிப் பார்த்தார். பக்கத்தில் மனைவி கண்ணாடியைத் திருப்பி முகம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே, வலது சக்கரத்துக்குப் பக்கத்தில், சகலையின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டு தெரிந்தன.

"அண்ணே" என்று அந்தக் கால்களின் பக்கமிருந்து குரல் வந்தது. காலையிலிருந்து நேராக வந்த முதல் பேச்சு அதுதான். "நீங்க எப்படி அண்ணே பண்ணீங்க? கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலை."

மருந்துக்கடைக்காரரால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவமானமும் எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. சகலை மேல் அல்ல, தன் மேல்தான். கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"கழட்டாதீங்க. மாமா, அவர் பக்கம் சரியாத்தான் இருக்கு. தப்பு என் பக்கம்."

சொல்லிவிட்டு, வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் பதினேழாம் நம்பரை எடுத்துக்கொண்டு இடது பக்கத்தில் படுத்தார். போல்ட்டுகளைத் தளர்த்தினார். கடைசி போல்ட் இளகியதும் வண்டி 'ஹும்' என்று ஒரு சத்தம் போட்டுத் தோளை இறக்கியது. பம்பரின் மேல் இருந்த குமிழி நகர்ந்து வந்து நடுவில் நின்றது. மாமனார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து, படுக்கை விரிப்பில் கையைத் துடைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சாவியை நீட்டினார்.

அவர் மனைவி முன் சீட்டிலிருந்து இறங்கினாள். அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

மாமனார் சாவியை வாங்கிக்கொண்டார். "சொன்னா சொன்னதுதான்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்த சின்ன மாப்பிள்ளையிடம் நீட்டினார். "அப்ப நீங்க ஓட்டுங்க."

மெத்தைக்கடைக்காரர் சாவியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். கார் ஷெட்டுக்கு வேறு வாசல் உண்டா என்று பார்த்தார்.

"மாமா... அது வந்து... எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது."

"என்னது?" என்று அவர் மனைவி போட்ட சத்தத்தில், மாமியார் கரண்டியும் கையுமாக வெளியே ஓடிவந்தார்.

"கியர் இல்லாத வண்டியிலயேதான் பழகினேன். வாழ்க்கையில கிளட்ச்சைத் தொட்டதே இல்லை."

"பின்ன எதுக்குப் போட்டிக்குப் போனீங்க?"

"நீதானடி மேஜைக்கு அடியில இடிச்ச!"

"இடிச்சா? எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினீங்களே!"

"பேசத் தெரியும். ஓட்டத் தெரியாது." அவர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, சத்தியமாச் சொல்றேன். வலது பக்கம் தாழ்ந்திருக்குன்னு மாமா சொன்னப்ப எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. நீங்க ஏன் அண்ணே போய் உண்மையைச் சொன்னீங்க?"

முதலில் சிரித்தவள் மூத்தவள்தான். பிறகு மாமியார். பிறகு, முறைத்துக்கொண்டிருந்த சின்னவளும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உள்ளங்கையில் சாவியை வைத்துக்கொண்டு, அது எவ்வளவு கனம் என்று பார்ப்பவரைப்போல் நின்றார்.

"அந்த போல்ட்டை எப்படி இறுக்கணும்?" என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார்.

"வண்டி தரையில நிக்கிற மாதிரி, பாரம் சக்கரத்து மேல இருக்கணும் மாமா. ஓட்டுறவர் சீட்டுல ஓர் ஆள் உக்காந்திருந்தா இன்னும் நல்லது."

"அப்ப உக்காருங்க."

"நானா?"

"கிளட்ச்சைத் தொடாதவரையா உக்கார வைக்கச் சொல்றீங்க?" என்று மாமனார் எரிந்து விழுந்தார். "சின்ன மாப்பிள்ளை, இந்தப் பக்கத்தையும் நீங்களே இறுக்குங்க. உங்களுக்கு அதாச்சும் வருது."

மெத்தைக்கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகக் காருக்கு அடியில் போனார். மருந்துக்கடைக்காரர் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி வருவாள் என்று நினைத்தார். அவளும் வரத்தான் வந்தாள். ஆனால் கதவுப் பக்கம் போன அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மாமனார் சுற்றி வந்து, முன் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அந்த வண்டியில் அந்தப் பக்கத்துச் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. சீட் பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடினார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், அங்கே இல்லாத பிரேக்கை ஒரு தடவை மிதித்தார்.

 அடியில் ஸ்பேனர் சத்தம் கேட்டது.

"மூணாவது கியர் முரண்டு பிடிக்கும்" என்றார் மாமனார், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே. "அமுக்கக் கூடாது. கொஞ்சம் காத்திருந்து போடணும். காலையில முதல் தடவையிலயே ஸ்டார்ட் ஆகாது, கோவிச்சுக்காதீங்க. ஹார்னை லேசாத் தொட்டாப் போதும். மேட்டுல ஏறும்போது ஒரு சத்தம் வரும், அது ஒண்ணுமில்லை, அது அப்படித்தான். அதுக்காக வண்டியை நிறுத்திடாதீங்க."  மங்கிய கண்ணையும் தெளிந்த கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார். "எப்படியும் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து உக்காந்துதானே ஆகணும், இல்லையா மாப்பிள்ளை?"

 இத்தனை வருஷம் இந்தச் சீட்டுக்காக ஏங்கிய மருந்துக்கடைக்காரர், அதை விட்டுக்கொடுக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.  வாயில் வந்ததைச் சொன்னார்.

"நீங்க பக்கத்துல உக்காந்து திட்டிக்கிட்டே வாங்க மாமா. யாரும் திட்டலைன்னா எனக்கு இந்த வண்டி ஓட்ட வராது."

காருக்கு அடியிலிருந்து மெத்தைக்கடைக்காரரின் குரல் கேட்டது.

"அண்ணே, மேல உங்க எடை மட்டும்தானா, மாமா எடையும் இருக்கா? மாமா இறங்கின பிறகு இறுக்கணுமா, இல்ல மாமாவையும் சேத்தே இறுக்கணுமா?"

மருந்துக்கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மாமாவையும் சேத்தே இறுக்குங்க சகலை. மாமா இல்லாம இந்த வண்டி எங்கயும் போகாது."

 ஸ்பேனர் கடைசிச் சுற்றுச் சுற்றி நிற்கும் வரைக்கும் மாமனார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாவியை மாப்பிள்ளையின் கையில் வைத்து அழுத்தினார்.

"முதல்ல நேரா நிமிர்ந்து உக்காருங்க. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற லட்சணமா இது?"

"சரிங்க மாமா" என்றார் மருந்துக்கடைக்காரர்.